அடங்காத ரத்தம்

"ரத்தத்தோடயே குடும்பம் நடத்துறீங்க. ஊசியைக் கண்டா மட்டும் இப்படிக் கண்ணை இறுக்கி மூடிக்கறீங்களே அக்கா!"

"வாயை மூடிக்கிட்டு எடுடா."

அவனாவது, வாயை மூடுவதாவது. தூக்கத்திலும் ஓயமாட்டான் என்று அவன் மனைவியே புகார் சொன்ன பிறகு, சோதனைக்கூடத்தில் அவனுக்கு ரேடியோ என்ற பெயர் நிலைத்துவிட்டது. அவளோடு ஒரே மேசையில் வேலை பார்க்கும் பரிசோதகன்.

"டைரக்டரம்மாவுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேர் சீட்டும் கிழியும்" என்றான், சிவப்பு ஏறும் குழாயைப் பார்த்தபடி.

"கிழிஞ்சா கிழியட்டும். வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும்."

வெள்ளிக்கிழமை அவளுடைய தம்பிக்கு இங்கே வளர்த்த செல்கள் அடங்கிய பையை ஏற்றப் போகிறார்கள்.

அந்தக் கட்டடத்தில் நடப்பது ஒரே தொழில்தான். முகம் தெரியாத யாரோ தானமாகத் தந்த எலும்பு மஜ்ஜையிலிருந்து ஸ்ட்ரோமல் செல்களைப் பிரித்து, வளர்த்து, பைகளில் அடைத்து உறைய வைப்பார்கள். ஒருவருடைய மஜ்ஜையில் வளர்ந்த பைகள் எல்லாம் சேர்ந்து ஒரு பேட்ச். உடம்பைக் காக்க வேண்டிய காவல் செல்கள் வெறி பிடித்து உடம்பையே குதறும் நோய்கள் இருக்கின்றனவே, அவற்றுக்கு இதுதான் மருந்து. ஸ்ட்ரோமல் செல்கள் உள்ளே போய் வெறியை அடக்க வேண்டும். அடக்குமா, அடக்காதா? பை வாசலைத் தாண்டும் முன் அதைச் சொல்வது அவளும் ரேடியோவும்தான். அதன் பெயர் வீரியச் சோதனை.

செய்முறை சுலபம். ஒருவருடைய ரத்தத்திலிருந்து காவல் செல்களை எடுத்து, சாயம் ஏற்றி, வேண்டுமென்றே சீண்டிவிட வேண்டும். பிறகு தட்டிலுள்ள சின்னக் குழிகளில் ஸ்ட்ரோமல் செல்களோடு சேர்த்து நாலு நாள் விட வேண்டும். அடங்கிக் கிடந்தால் சாயம் அப்படியே இருக்கும். அடங்காமல் பெருகினால், ஒவ்வொரு பெருக்கத்துக்கும் சாயம் பாதி பாதியாக வெளுக்கும்.

அந்த ரத்தம் எப்போதும் கம்பெனி வேன் டிரைவருடையது. எல்லா பேட்சுக்கும் அளவுகோல் ஒன்றாக இருக்க வேண்டும், அது நாளுக்கு நாள் மாறவும் கூடாது. டிரைவரின் ரத்தம் மாறியதே இல்லை. "அண்ணன் வீட்லயும் அப்படித்தான்" என்பான் ரேடியோ. "அண்ணி ஒரு முறை முறைச்சா போதும், மூலையில போய் உக்காந்துடுவார்." டிரைவரும் சேர்ந்து சிரிப்பார்.

தம்பிக்கான பேட்சை அவள் தொடக்கூடாது என்று டைரக்டரம்மா முதலிலேயே சொல்லிவிட்டார். அது நியாயம்தான். ரேடியோ சோதித்தான். டிரைவரின் செல்கள் பெட்டிப் பாம்பாக அடங்கின. அமோகமான தேர்ச்சி. உடனே தம்பி மனைவிக்குப் போன் போட்டு அவனே சொல்லியும் விட்டான்.

அவளுக்குத்தான் நெஞ்சில் முள் தைத்துக்கொண்டே இருந்தது. தம்பியின் உடம்புக்குள் வெறியாட்டம் போடுவது டிரைவரின் செல்கள் இல்லையே. அவளுடையவை!

போன வருடம் தம்பிக்கு ரத்தப் புற்று. மஜ்ஜை மாற்றினால் பிழைப்பான் என்றார்கள். குடும்பத்தில் பொருந்தியது அவள் ஒருத்திக்குத்தான். கொடுத்தாள். பிழைத்தான். வீட்டில் எல்லோரும் அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். பிறகு அவன் உள்ளங்கை சிவந்தது, தோல் உரிந்தது. குடல் புண்ணாகி, கல்லீரலும் மஞ்சள் காட்டியது. குடிபோன அக்காவின் செல்கள், தம்பியின் உடம்பை அந்நியன் என்று முடிவு கட்டி அடிக்கத் தொடங்கியிருந்தன. எந்த மருந்துக்கும் மசியவில்லை. கடைசியாக மிஞ்சியது இந்தப் பைதான்.

அதனால்தான் இந்தக் களவு. தன் ரத்தத்தை வைத்து ஒரு தட்டு. குளிர்ப்பெட்டியில் மாதிரி இருந்த எல்லா பேட்சையும் அதில் இறக்கினாள். தம்பிக்கான பேட்ச், தேர்ச்சி பெற்ற வேறு இரண்டு, ஒப்பிட்டுப் பார்க்க, டிரைவரின் செல்களை அடக்க முடியாமல் தோற்றுப்போன ஒன்று. சந்தேகத்துக்கு இடமே கொடுக்காமல் ஒவ்வொன்றையும் பல குழிகளில் வைத்தாள்.

வியாழக்கிழமை கருவியின் திரையில் முடிவு எழுந்தது.

செல்கள் அடங்கியிருந்தால் வலப்பக்கம் ஒற்றை மலை தெரியும். பெருகியிருந்தால் மலை உடைந்து, இடப்பக்கம் குன்று குன்றாகச் சிதறும். தம்பிக்கான பேட்சில் மலையே இல்லை. கண்ணுக்கு எட்டியவரை குன்றுகள். அடுத்த இரண்டிலும் அதே கதை.

நாலாவது படம் வந்தது. ஒற்றை மலை. செங்குத்தாக, அசையாமல்.

"அக்கா," என்றான் ரேடியோ. "இது அந்தத் தோத்த பேட்ச்."

எழுந்து போய்க் குப்பியின் எண்ணை இன்னொரு தடவை சரிபார்த்துவிட்டு வந்தான்.

அவள் நேராக டைரக்டரம்மா அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் படங்களை மறுபடி மறுபடி பார்த்தார்.

"ஒரே ஒரு தட்டு. ஒரே ஒரு ஆள் ரத்தம். இதை வச்சு நான் யார்கிட்ட என்னம்மா சொல்ல முடியும்?"

"தெரியும் மேடம். உங்க நாற்காலியில நான் இருந்தாலும் இதையேதான் சொல்வேன். அந்த நாலாவது பேட்ச்..."

"எரிச்சாச்சு. தோத்ததை வச்சிருக்கக் கூடாதுன்னு உங்களுக்கே தெரியும்."

"ஒரு பை கூடவா இல்ல?"

"ஒண்ணுகூட இல்ல."

"மாதிரிக் குப்பியில இன்னும் கொஞ்சம் இருக்கு. அதை வளர்த்தா?"

"வளரும். ஆனா ஒரு ஆளுக்கு ஏத்தற அளவு வர ஒன்றரை மாசம் ஆகும். அத்தனை தடவை பெருக்கினா செல்லெல்லாம் கிழடு தட்டிப் போயிடும். மஜ்ஜை தந்தவரையே தேடிப் பிடிச்சாலும் அதே ஒன்றரை மாசம்தான்." டைரக்டரம்மா குரலைத் தாழ்த்தினார். "உங்க தம்பிக்கு அவ்வளவு..."

அன்று காலைதான் ஆஸ்பத்திரி டாக்டர் மாதக் கணக்கை விட்டு நாள் கணக்குக்கு வந்திருந்தார்.

டைரக்டரம்மா அவள் எதிரிலேயே டாக்டருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். ஒலிபெருக்கியில் டாக்டரின் குரல் களைத்துப் போய்க் கேட்டது.

"வேற என்ன இருக்கு என் கையில? பாஸாகி இவருக்குன்னு ஒதுக்கினது இந்தப் பை ஒண்ணுதான். நாளைக்கு ஏத்தறேன். உங்க தட்டு தப்பா இருக்கணும்னு வேண்டிக்கோங்க."

வாழ்க்கையில் முதல் தடவையாக, தான் செய்த வேலை தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே அவள் ஆஸ்பத்திரிப் படியேறினாள்.

வார்டு வாசலில் தம்பி மனைவி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். முகமூடிக்கு மேல் கண்கள் மின்னின. தூங்கிப் பல நாளான கண்கள்.

"அண்ணி! ரேடியோ அண்ணன் சொன்னாரு. பேட்ச் பிச்சு உதறிடுச்சாமே!"

"பாஸாயிருக்கும்மா" என்றாள்.

அதில் பொய் ஒரு எழுத்தும் இல்லை.

"ஒரு வாய் காபி குடிச்சிட்டு வா. நான் பார்த்துக்கறேன்" என்று அவளை அனுப்பிவிட்டு உள்ளே போனாள்.

தம்பி கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தான். கண்ணின் வெள்ளையில் மஞ்சள் ஏறியிருந்தது. கையைப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டான். உரிந்த தோலை அக்கா பார்த்தால் அழுவாள் என்று அவனுக்குத் தெரியும்.

"என்னக்கா, கட்டின குதிரை தோத்த மாதிரி வர்றே?"

"ஒண்ணுமில்லடா. வேலை."

"யார்கிட்ட? உனக்குத்தான் மூஞ்சியிலயே ரிப்போர்ட் வருமே. சொல்லு."

சொல்லக்கூடாது என்றுதான் வந்தாள். சொல்லிவிட்டாள். எரித்துப்போன நாலாவது பேட்சையும் சேர்த்துச் சொன்னாள். அவன் கூரையைப் பார்த்தபடியே கேட்டான்.

"உன் செல்லா அடங்கும்? அப்பா பெல்ட்டைக் கழட்டினாலும் 'அடிச்சுக்கோ'ன்னு நிமிர்ந்து நிப்பியே. கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சவன் நான்."

"டேய்..."

"அந்த டிரைவரோட மஜ்ஜையை வாங்கியிருக்கணும்க்கா. தப்புப் பண்ணிட்டோம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். இரண்டையும் முகமூடிக்குள் விழுங்கினாள்.

"வேண்டாம்னா சொல்லிடுடா. நான் டாக்டர்கிட்ட பேசறேன்."

"ஏத்தட்டும்." திரும்பி அவளைப் பார்த்தான். "பை ஏறிடுச்சுன்னா அவ ரெண்டு நாள் நிம்மதியாத் தூங்குவா. நான் கண் மூடறப்பல்லாம் அவ மூக்குக்கிட்ட விரல் வச்சுப் பார்க்கறா. தாங்கலக்கா. அவகிட்ட எதுவும் சொல்லாதே."

வெள்ளிக்கிழமை பையை வெந்நீரில் இளக்கிக் கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு சொட்டும் இறங்குவதைத் தம்பி மனைவி வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். அக்கா பார்த்துக்கொண்டிருந்தது அந்த முகத்தை. பை காலியானதும் தம்பி மனைவி நாற்காலியில் சாய்ந்தாள், சாய்ந்த நிமிடமே உறங்கிப் போனாள். கட்டிலிலிருந்து தம்பி அக்காவைப் பார்த்து ஒற்றைக் கண்ணைச் சிமிட்டினான்.

அவள் தட்டு தப்பாகவில்லை. அடுத்த வாரம் மஞ்சள் முகத்துக்கு ஏறியது. குடலில் ரத்தக் கசிவு நிற்கவில்லை. டாக்டர் பார்த்துவிட்டுப் போகும்போது யாரையும் நிமிர்ந்து பார்ப்பதை விட்டுவிட்டார்.

"அக்கா," என்றான் தம்பி ஒரு பிற்பகலில். குரல் நூலாக வந்தது. "நான் போயிட்டா, உள்ள இருக்கற உன் செல்லெல்லாம் என்னாகும்?"

"அதுவும் போயிடும்டா."

"முட்டாப் பசங்க." மூச்சு வாங்கினான். "இருக்கிற வீட்டையே இடிச்சுக்கிட்டிருக்கோம்னு கூடத் தெரியாதா அதுங்களுக்கு? உன்னை மாதிரி ஒரு படிச்சவ எடுத்துச் சொல்லக் கூடாதா?"

"சொல்லிப் பார்த்தேன்டா. கேக்கல."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். அந்த நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு தம்பி மனைவி வந்தாள்.

"அண்ணி, அடுத்த பை எப்போன்னு கேட்டா டாக்டர் பிடி கொடுக்காமலே பேசறார். உங்ககிட்ட இன்னும் ரெண்டு பேட்ச் இருக்காமே, பாஸானது? நீங்க சொன்னா கேப்பார். கொஞ்சம் போய்க் கேளுங்களேன், அண்ணி!"

"கேக்கறேன்மா."

எழுந்து வெளியே வந்தாள். நடைபாதையின் கோடியில் டாக்டரின் அறை. கதவுக்குப் பின்னால் விளக்கு எரிந்தது. கையைத் தூக்கினாள், தட்டவில்லை. உள்ளே போய் என்ன கேட்பது? அந்த இரண்டு பேட்சின் குன்றுகளையும் திரையில் பார்த்தவள் அவள்தான். திரும்பிப் போகலாமென்றால், கேட்கப் போனவள் கேட்டுவிட்டு வரும் நேரமாவது ஆக வேண்டாமா?

சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.