பிந்தி வந்த சத்தம்

என் தம்பி தன் கை போய்விட்டது என்று அவனாகவே முடிவு கட்டிவிட்டான். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. எக்ஸ்ரேயும் சொல்லவில்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் ஒருவர் ஒன்றை முடிவு செய்துவிட்டால் கடவுளே வந்து சொன்னாலும் எடுபடாது. அதில் எனக்கும் சம பங்கு உண்டு, மறுக்கவில்லை.

ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் அவனுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. முதுகில் மாட்டியிருந்த கீபோர்டும் கூடவே உடைந்தது. மாவுக்கட்டைப் பிரித்த அன்று, எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, இனி விரல்களுக்கு வேலை கொடு என்று டாக்டர் அனுப்பி வைத்தார். இவன் ஒரு நண்பனிடமிருந்து வெறும் கட்டைகள் மட்டும் உள்ள ஒரு கீபோர்டை வாங்கி வந்தான். அதற்கென்று சொந்தக் குரல் கிடையாது. லேப்டாப்பில் சொருகினால்தான் உயிர் வரும். பியானோ, வயலின், புல்லாங்குழல், எல்லாச் சத்தமும் லேப்டாப்புக்குள்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டிலோ பகலில் சத்தமே கூடாது. என் வீட்டுக்காரர் இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டுக் காலையில் வந்து படுப்பவர். மைத்துனன் மேல் உள்ள பாசத்தாலும், தூக்கத்தின் மேல் உள்ள அதைவிடப் பெரிய பாசத்தாலும், வயரே இல்லாத ஹெட்போன் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். நாலு பேரிடம் விசாரித்து, பத்துக் கடை ஏறி இறங்கி வாங்கினார். பெண் பார்க்க வந்தபோதுகூட மனுஷர் அவ்வளவு விசாரித்திருக்க மாட்டார்.

அதனால் தம்பி என்ன வாசிக்கிறான் என்பது எங்கள் யாருக்கும் கேட்காது. சமையலறைக்கு அடுத்த சின்ன அறையிலிருந்து கட்டைகள் டக் டக் என்று அமுங்குவது மட்டும் கேட்கும். கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுவிடும். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே வருவான். கை பின்னாலேயே வருகிறது, நான் நினைத்து முடித்த பிறகுதான் விரல் போய்ச் சேர்கிறது என்பான். வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் பார்த்தோம். நான் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன். அவர் ரப்பர் பந்தை வாங்கி வந்து பிசையச் சொன்னார். அம்மா போனிலேயே எண்ணெய் தேய்த்துவிட்டாள்.

இவனும் சும்மா இருக்கவில்லை. கை பிந்தினால் என்ன, அடித்துப் பிடித்துச் சரிசெய்கிறேன் என்று காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பான். தாளத்தைப் பிடிக்கக் கொஞ்சம் முன்கூட்டியே அமுக்கிப் பழகினானாம். மெதுவான பாட்டு எப்படியோ தேறியது, வேகமானதெல்லாம் குழம்பியது.

அவன் வாசிக்கும் குழுவில் மூன்றே பேர். ஒரு பாடகி, ஒரு டிரம்ஸ்காரர், இவன். அவனுக்கு வேறு தொழிலும் தெரியாது, வேறு ஆசையும் கிடையாது. பாடகி நல்ல பெண். இவன் விழுந்ததிலிருந்து எல்லா நிகழ்ச்சியையும் தள்ளிப் போட்டுக் காத்திருந்தாள். இனியும் முடியாது, வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு வா, சரியாக வந்தால் நீ, இல்லையென்றால் இன்னொருவரிடம் பேசி வைத்திருக்கிறேன் என்று மனசே இல்லாமல் சொல்லியிருந்தாள்.

புதன்கிழமை மத்தியானம் தம்பி சமையலறை வாசலில் வந்து நின்றான். கையில் போன்.

"வெள்ளிக்கிழமை வரலைன்னு சொல்லிடப் போறேன்க்கா. அங்க போய் எல்லார் முன்னாடியும் அசிங்கப்பட முடியாது."

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் நிற்கும். அன்று அது நேரே தலைக்கு ஏறியது. கத்தியைப் போட்டுவிட்டு விறுவிறுவென்று அவன் அறைக்குள் போனேன். அப்படி என்னதான் கேட்கிறது பார்த்துவிடுகிறேன் என்று ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டு, கைக்கு வந்த கட்டையை ஓங்கி ஒரு அமுக்கு அமுக்கினேன்.

ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் கேட்டது.

இன்னொரு தடவை அமுக்கினேன். விரல் அடியில் போய் முட்டி நின்ற பிறகு, சாவகாசமாக வருகிறது சத்தம். நான் செய்யும் வேலையே வாயசைவுக்குக் குரலைப் பொருத்துவதுதான். டப்பிங் ஸ்டூடியோவில் நாள் முழுக்க உதடு எப்போது அசைகிறது, சொல் எப்போது வருகிறது என்று பார்த்துப் பார்த்துக் கண் பூத்தவள். இவ்வளவு பிந்திய குரலை நான் கொண்டுபோய்க் கொடுத்தால் எங்கள் முதலாளி அங்கேயே என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

"டேய், இங்க வா. நான் அமுக்கினாலும் லேட்டாதான் வருது."

"உனக்கு வாசிக்கத் தெரியாதுக்கா."

"தெரியாதுல்ல? சரி. என் கைக்கு என்ன கேடு? நான் எந்த ஸ்கூட்டர்ல இருந்து விழுந்தேன்?"

அவன் கிட்டே வந்தான். என்னைத் தள்ளிவிட்டு இடது கையால் ஒரு கட்டையை அமுக்கிப் பார்த்தான். முறியாத கை. அதற்கும் சத்தம் பிந்தித்தான் வந்தது. இத்தனை நாளும் வலது கையையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருந்தவனுக்கு இடது கையைக் கவனிக்கத் தோன்றவில்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

முதலில் அந்த ஹெட்போனைக் கழற்றினோம். வயர் இல்லாமல் காற்றில் வருகிற சத்தத்தைக் கட்டி அனுப்பவும் அந்தப் பக்கம் பிரிக்கவும் நேரம் பிடிக்கிறது. பாட்டுக் கேட்பவனுக்கு அது தெரியாது, வாசிப்பவன் பாடு திண்டாட்டம். என்னுடைய பழைய வயர் ஹெட்போனைச் சொருகியதும் பாதிக்குமேல் சரியாகிவிட்டது. மீதியை லேப்டாப்புக்குள் தேடினோம். பஃபர் என்று ஒன்று உண்டு, எங்கள் எடிட்டிங்கிலும் அந்தத் தொல்லை இருக்கிறது. கம்ப்யூட்டர் சத்தத்தை உடனுக்குடன் விடாது. வாளியில் பிடித்து வைத்து, நிரம்பிய பிறகுதான் ஊற்றும். இவன் வாளி 2048 என்று அண்டா அளவுக்கு இருந்தது. 64க்குக் குறைத்தால் கரகரவென்று கத்தியது. சவுண்டுக்கான வேறொரு டிரைவர் மென்பொருளை ஏற்றி, திறந்து கிடந்த மற்றதையெல்லாம் மூடி, 128இல் வைத்ததும் கரகரப்பு அடங்கியது.

தம்பி ஒரு கட்டையை அமுக்கினான். விரலும் சத்தமும் ஒன்றாக வந்தன. அவன் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். ஆறு வயதுப் பிள்ளை மாதிரி சிரித்தான்.

எங்கள் கூச்சலில் வீட்டுக்காரர் எழுந்து வந்தார். விஷயத்தைக் கேட்டதும் ஆள் சுருங்கிப்போனார்.

"அப்ப இத்தனை நாளா நான்தான் வில்லனா? மாப்ளே, அந்த வயரைப் பிடுங்கு. ஸ்பீக்கர்லயே வாசி. நான் தூங்கினது போதும்."

தாளம் எதுவும் போடாமல் மனம் போன போக்கில் அன்று சாயங்காலம் வரை வாசித்தான். சண்டை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை நானே அவனை ஸ்கூட்டரில் கூட்டிப்போனேன். டிரம்ஸ்காரர் வீட்டு மாடியில் ஒத்திகை. அந்த மனிதருக்குக் குழுவில் கடிகாரம் என்று பெயர். தாளம் ஒரு மயிரிழை தப்பினாலும் பொறுக்காதவர். இவன் லேப்டாப்பை ஸ்பீக்கரில் மாட்டினான், அவர் எண்ணிக்கை கொடுத்தார், பாடகி பாட்டை எடுத்தாள். நாலு அடி போவதற்குள் கடிகாரம் நிறுத்திவிட்டார். தம்பி முந்திவிட்டான். மறுபடி தொடங்கினார்கள். மறுபடியும் முந்தினான். மூன்றாவது தடவையும் அதே கதை. கடிகாரம் குச்சிகளை மடியில் வைத்துவிட்டுக் கூரையைப் பார்த்தார். பாடகி தன் போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். அந்த இன்னொருவரைக் கூப்பிடத்தான் என்று எனக்குப் புரிந்தது.

தம்பி இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டான்.

"சொன்னேன்ல, கை போச்சுன்னு. கம்ப்யூட்டரையும் சரி பண்ணியாச்சு. இனி யார் மேல பழி போடறது?"

வயரைக் கழற்ற எழுந்தான். நான் கத்தலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் கடிகாரம் பேசினார்.

"உக்காரு. மூணு தடவையும் முந்தின, தப்புதான். ஆனா ஒவ்வொரு அடியிலயும் ஒரே அளவு முந்தின. துளி கூடல, துளி குறையல. கை போனவனால அப்படி முந்த முடியுமா?"

 தம்பி தொடைக்கடியிலிருந்து வலது கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிந்தி வந்த சத்தத்தை எட்டிப் பிடிக்கத்தான் அவன் முன்கூட்டியே அமுக்கிப் பழகியிருந்தான். முன்னதாகவே கூப்பிட வேண்டியிருந்த சத்தம் இப்போது கூப்பிட்டதும் வருகிறது. கைக்கு அந்தச் சேதி இன்னும் போகவில்லை, அவ்வளவுதான். தம்பியே இதை எங்களுக்கு விளக்கிச் சொல்லச் சொல்ல அவன் குரல் உடைந்தது. கடைசியில் சிரித்துவிட்டான். சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. நான் அழுதேன், அது நன்றாகத் தெரிந்தது.

கடிகாரம் அதிலெல்லாம் கலந்துகொள்ளவில்லை. தாளத்தைப் பாதி வேகத்துக்கு இறக்கினார். என் குச்சி தோலில் விழுவதைப் பார், பார்த்த பிறகு அமுக்கு என்றார். முதலில் முந்தினான். அடுத்து முந்தல் குறைந்தது. அதற்கடுத்து ஒரு அடி சேர்ந்து விழுந்தது, அப்புறம் இரண்டு. அவர் மெல்ல மெல்ல வேகத்தைக் கூட்டினார். இவன் நழுவுவான், அவர் முறைப்பார், இவன் பல்லைக் கடித்துக்கொண்டு பிடிப்பான். வெயில் இறங்கும் நேரத்துக்கு ஒரு முழுப் பாட்டு நிற்காமல் ஓடியது. கடைசி அடியில் டிரம்ஸும் பியானோவும் சேர்ந்து ஒரே சத்தமாக விழுந்தன.

பாடகி போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனாள். நான் அப்போது தண்ணீர் எடுக்கப் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். அந்த இன்னொருவரிடம்தான் பேசினாள்.

"மன்னிச்சுக்கோங்க, இனி ஆள் தேவைப்படாது. எங்க ஆளு வந்துட்டாரு."