மாப்பிள்ளைக் கத்தி

கத்தி விஷயத்தில் எத்திராஜிடம் யாரும் வாய் கொடுத்து மீள முடியாது. சரக்குக் கப்பலில் சமையல்காரர். எந்தத் துறைமுகத்தில் கத்தியோடு இறங்கலாம், எங்கே இறங்கினால் கம்பி எண்ண வேண்டும் என்பதெல்லாம் மனுஷருக்குத் தலைகீழ்ப் பாடம். லீவில் கள்ளிக்குப்பத்து வீட்டுக்கு வந்தால் போதும், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஆரம்பித்துவிடுவார்.

“மஸ்கட்ல இன்னா தெரியுமா? பண்டிகை நாள்ல பெரிய மனுசன் இடுப்புல வளைஞ்ச கத்தி செருவிகினுதான் வருவான். அது இல்லன்னாதான் மரியாத கொறவு. அதே கத்திய ஜப்பான்ல எடுத்துகினு தெருவுல நட பாப்போம்! போலீஸ்காரன் அளவெடுத்துப் பாப்பான். சிங்கப்பூரு? கேக்கவே வாணாம், பிரம்பால பின்னி எடுத்துருவான். வடக்க ஒரு குளிரு தேசம் கீது. மீன் வாங்க வர்ற கெழவன் இடுப்புலகூட உறையோட கத்தி தொங்கும், ஒருத்தன் திரும்பிப் பாக்க மாட்டான்.”

கேட்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். ஒன்றை மட்டும் அவர் யாரிடமும் சொன்னதில்லை. பெயர் வாயில் நுழையாத ஒரு துறைமுகத்தில், சாணை பிடிக்கலாம் என்று தன் சமையல் கத்தியைத் துண்டில் சுற்றி எடுத்துப் போனவரை, போலீஸ் பிடித்து உள்ளே தள்ளியது. பாஷை தெரியாது. ஏன் கத்தி வைத்திருக்கிறாய் என்பதையே மாற்றி மாற்றிச் சைகையில் கேட்டார்கள். வெங்காயம் நறுக்க என்று இவரும் சைகை காட்டிக் காட்டிக் கை ஓய்ந்தார். மறுநாள் கேப்டன் வந்து மீட்கிற வரைக்கும் அந்த மனுஷர் அழுததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அன்றிலிருந்து காக்கிச் சட்டையைப் பார்த்தால் தெருவை மாற்றிப் போய்விடுவார். இந்தக் கதை மனைவி கெங்கம்மாளுக்கு மட்டும் தெரியும். அவளும் பெருந்தன்மையாக வெளியே விட்டதில்லை.

அப்பேர்ப்பட்டவரிடம்தான் அக்கா பொன்னம்மாள் அந்தப் பொறுப்பைக் கொடுத்தாள்.

பொன்னம்மாளின் மகன் பாஸ்கரனுக்குக் கல்யாணம். பையன் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை, வீடு கோவில்பதாகையில். பெண் புஷ்பா, திருமழிசை. நலங்கு வைத்ததும் மாப்பிள்ளை கையில் ஒரு கத்தியைக் கொடுத்து, அதன் நுனியில் எலுமிச்சம்பழத்தைக் குத்திவிடுவது அவர்கள் பக்கத்து வழக்கம். தாலி கட்டும் வரைக்கும் காத்து கருப்பு அண்டாதாம். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அது மாப்பிள்ளையை விட்டுப் பிரியக் கூடாது. பெண்ணின் அப்பா இராமகிருஷ்ணன் இதில் படு கறார். “கத்தி இல்லாத மாப்ளய எங்க பந்தல்ல ஏத்த மாட்டோம். முன்கூட்டியே சொல்லிட்டேன்” என்று நிச்சயதார்த்தத்தன்றே சொல்லிவிட்டார். அந்த மனுஷரைச் சம்மதிக்க வைக்கவே பாஸ்கரனுக்கு இரண்டு வருஷம் பிடித்தது. புஷ்பாவைப் பஸ்ஸில் பார்த்து மனசைப் பறிகொடுத்தவன் அவன். இப்போது போய் ஒரு கத்தியால் காரியம் கெட்டால் தாங்குவானா?

“டேய் எத்திராஜு, தாய்மாமன் நீதான். கத்தி உன் பொறுப்பு. அவன் எங்கனா மறந்து வச்சிருவான்” என்றாள் பொன்னம்மாள்.

“எங்கிட்டயா சொல்ற? உலகம் பூரா கத்தியோட சுத்தினவன் நானு!” என்று மார் தட்டினார் எத்திராஜ்.

கல்யாணத்தன்று காலையில் வேன் கிளம்பியது. தேர்தல் நேரம். முன் சீட்டில் பாஸ்கரன், மாலையும் பட்டு வேட்டியுமாக, கையில் பழம் சொருகின கத்தியைப் பிடித்துக்கொண்டு கூச்சத்தில் நெளிந்தான். “தெனம் பேக்டரி கேட்ல கைய தூக்கச் சொல்லி, பாக்கெட்டத் தடவிப் பாத்து உள்ள உடுவாங்க மாமா. ஒரு ஆணி இருந்தாக்கூட கேள்வி. இன்னிக்குப் பாரு என் கோலத்த” என்று சிரித்தான். அவனுக்குப் பின்சீட்டில் எத்திராஜ். பக்கத்தில் கெங்கம்மாள், வேன் கிளம்பியதிலிருந்தே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தாள். பெட்ரோல் வாசனை அவளுக்கு ஆகாது.

பூந்தமல்லி தாண்டி ஹைவேயில் வேன் வேகம் எடுத்தது. திருமழிசைக்கு இன்னும் ஒரு மைல்தான். அங்கே சாலை நடுவே தடுப்பு. காக்கிச் சட்டைகள்! ஒவ்வொரு வண்டியாக நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கமாக ஏதோ தலைவர் வருகிறாராம், ஆயுதம் எதுவும் கொண்டு போகக் கூடாதென்று உத்தரவாம். முன்னால் நின்ற லாரிக்காரர் எட்டிப் பார்த்துச் சொன்னார்.

எத்திராஜ் சீட்டில் குனிந்துகொண்டார். அந்த அறை, அந்தக் கம்பி, அந்தச் சைகை எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. யோசிக்கவே இல்லை. சட்டென்று எட்டி மருமகன் கையிலிருந்த கத்தியை வெடுக்கென்று பிடுங்கினார்.

“மாமா! இன்னா பண்றே?”

“சும்மா கெட! போலீஸ்டா! கண்ணுல படக் கூடாது, அவ்ளோதான் சட்டம்!” என்றவர், தோள்துண்டில் சுற்றித் தன் சீட்டுக்கு அடியில் திணித்தார்.

“அடப் பாவி, கையவுட்டு எடுக்கக் கூடாதுடா!” என்று பொன்னம்மாள் பின்னாலிருந்து அலறினாள். அந்த அலறல்தான் வினை. தடுப்பிலிருந்த கான்ஸ்டபிள் நேராக வேனுக்கு வந்தார். குனிந்தார். துண்டை உருவினார். பளபளவென்று கத்தி.

அவ்வளவுதான், விசில் பறந்தது. எல்லாரும் கீழே இறங்க வேண்டியதாயிற்று. எஸ்.ஐ. ராஜசேகரன் வந்தார். மீசையும் ஆளுமாகப் பார்க்கவே பயமாக இருந்தது.

“யாருதுய்யா இது?”

எத்திராஜ் வேன் கதவுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார். டீக்கடையில் உலகச் சட்டமெல்லாம் பேசின மனுஷர்! பாஸ்கரன்தான் முன்னால் வந்தான். “என்னுதுதான் சார். மாப்பிள்ளைக் கத்தி. கல்யாணம் சார்.”

“மாப்பிள்ளைக் கத்தி மாப்பிள்ளை கையில இல்ல இருக்கணும்? துண்டுல சுத்தி சீட்டுக்கடியில எதுக்கு? ரவுடிப் பய ஒளிக்கிற மாதிரி ஒளிச்சு வச்சிட்டு, கல்யாணம்ங்கிறியா? நேத்து ஒருத்தன் பூமாலைக்குள்ள அரிவாள் வச்சிகினு வந்தான், தெரியுமா?”

“இல்ல சார்...” எத்திராஜ் தலையை நீட்டினார். “வெளிநாட்ல எல்லாம்...”

“இது வெளிநாடா?”

ஐயோ, கையிலேயே விட்டிருந்தால் இந்நேரம் போயே போயிருக்கலாமே என்று எத்திராஜுக்கு அப்போதுதான் உறைத்தது. குற்றமில்லாத கத்தியைத் தானே குற்றவாளியாக்கிவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. பாஸ்கரன் முகம் வெளுத்துப் போயிருந்தது. தூரத்தில் திருமழிசைப் பக்கமிருந்து மைக் செட்டில் நாதஸ்வரம் கேட்டது. ஒன்பதுக்குள் முகூர்த்தம்.

எஸ்.ஐ. கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நானும் இந்தப் பக்கத்துக்காரன்தான். எங்க ஊட்லயும் இந்த வழக்கம் உண்டு. சரி, மாப்பிள்ளைக் கத்தின்னே வச்சுக்குவோம். எலுமிச்சம்பழம் எங்க?”

எங்கே? எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வேனுக்குள் பாய்ந்தார்கள். சீட்டைத் தூக்கினார்கள், சீர்வரிசைத் தட்டைக் கவிழ்த்தார்கள், தேங்காய் உருண்டது, வெற்றிலை பறந்தது. பழம் மட்டும் இல்லை. பொன்னம்மாள் நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். “உன்ன நம்பிக் குடுத்தேனே எத்திராஜு!” என்றாள். அந்த ஒரு வார்த்தை எத்திராஜைக் குத்திக் கிழித்தது.

“சார், நான்தான் ஒளிச்சேன். பையன் ஒண்ணுமே பண்ல. என்னப் புடிச்சு உள்ள போடுங்க, அவன உட்ருங்க. அவனுக்குத் தாலி கட்டணும் சார்!” என்று இரண்டு கையையும் நீட்டிவிட்டார். எந்தக் காக்கிக்கு அத்தனை வருஷம் பயந்தாரோ அதே காக்கிக்கு முன்னால்!

அப்போதுதான் கெங்கம்மாள் தள்ளாடிக்கொண்டு வந்தாள். முந்தானை இன்னும் மூக்கில். வாயைத் திறந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும் என்ற பயத்தில் இவ்வளவு நேரம் ஓரமாகக் கண்ணை மூடி நின்றவள், புருஷன் கை நீட்டுகிறதைப் பார்த்துப் பதறிவிட்டாள். முந்தானையை விலக்கினாள். உள்ளங்கையில் எலுமிச்சம்பழம்.

“நீ கத்திய புடுங்கசொல்ல மடியில வந்து வுழுந்திச்சு. வாந்திக்கு மோந்துகினு இருந்தேன்” என்றாள்.

எஸ்.ஐ. பழத்தை வாங்கினார். பழத்தின் நடுவில் ஒரு கீறல், அதைச் சுற்றிக் கறுத்த கறை. கத்தியின் நுனியைப் பார்த்தார். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து எலுமிச்சைச் சாற்றில் ஊறின இரும்பு, பழம் குத்தின அளவுக்குக் கன்னங்கரேல் என்று இருந்தது. நுனியைக் கீறலில் வைத்து அழுத்தினார். சொருகிக்கொண்டு கச்சிதமாக உட்கார்ந்தது. கறை கறையோடு சேர்ந்தது.

மீசைக்குக் கீழே பல் தெரிந்தது. “இப்ப அவசரத்துக்குக் குத்தின பழம் இல்ல, நேத்து நலங்குல குத்தினதுதான்யா! புடி மாப்ளே!”

அடேயப்பா, அங்கே கிளம்பிய சத்தத்தைக் கேட்க வேண்டுமே! லாரிக்காரர்கூட ஹாரன் அடித்தார். ஆனால் வேனை விட முடியாது, தலைவர் வருகிற வரைக்கும் எந்த வண்டிக்கும் வழி இல்லை என்றார் எஸ்.ஐ. பொன்னம்மாள் மறுபடி வாயில் அடித்துக்கொண்டாள். எஸ்.ஐ. கான்ஸ்டபிள் பக்கம் திரும்பி, “யோவ், உன் சைக்கிளக் குடு” என்றார். பிறகு பாஸ்கரனிடம், “ஒரு கண்டிஷன். கத்திய மறைக்கக் கூடாது. எல்லார் கண்ணுலயும் படற மாதிரி தூக்கிப் புடிச்சிகினு போ. வழியில நிக்கிறவங்க எல்லாம் நம்ம ஆளுங்கதான்.”

எத்திராஜ் சைக்கிளில் தாவி ஏறினார். பாஸ்கரன் கேரியரில் உட்கார்ந்து, மாமனின் தலைக்கு மேலே கத்தியைத் தூக்கிப் பிடித்தான். “நீங்க போங்கடா, நாங்க வயல்ல எறங்கிக் குறுக்கால வந்துர்றோம்!” என்று பொன்னம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கத்தினாள்.

காலியான ஹைவே. இரண்டு பக்கமும் தலைவரைப் பார்க்க நின்ற ஜனம், நடுநடுவே போலீஸ். வயசெல்லாம் மறந்து எத்திராஜ் மிதித்தார் பாருங்கள், செயின் கதறியது! மாலை காற்றில் பறந்தது, வேட்டி பறந்தது, உச்சியில் மஞ்சள் பழம் ஆடியது. வெறும் ரோட்டைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப் போயிருந்த ஜனம் கை தட்டி விசிலடித்தது. “அண்ணாத்தே, ஏறி மிதி!” என்று கூவியது. “மாப்பிள்ளக் கத்தி! வழி வுடு! மாப்பிள்ளக் கத்தி!” என்று எத்திராஜ் தொண்டை கிழியக் கத்திக்கொண்டே போனார். ஒவ்வொரு காக்கிச் சட்டையும் கத்தியைப் பார்த்தது, பழத்தைப் பார்த்தது, சிரித்துக்கொண்டு ஒதுங்கியது.

பந்தல் வாசலில் இராமகிருஷ்ணன் நின்றிருந்தார். மாப்பிள்ளை முகத்தைப் பார்க்கவில்லை அந்த மனுஷர், முதலில் கத்தியைத்தான் பார்த்தார். “வாங்க மாப்ள!” என்று வாயெல்லாம் பல்லாகக் கூப்பிட்டார். மணமேடையில் புஷ்பா, இவன் மூச்சிரைக்க வந்து உட்கார்ந்ததைப் பார்த்துத் தலை குனிந்து சிரித்தாள். பொன்னம்மாள் சேற்றுக் காலோடு வந்து சேரவும் கெட்டிமேளம் முழங்கவும் சரியாக இருந்தது.

தாலி கட்டி முடித்ததும் பாஸ்கரன் கத்தியைத் தாய்மாமனிடம் நீட்டினான். “வேல முடிஞ்சிது மாமா. நீயே வச்சுக்கோ.”

எத்திராஜ் வாங்கினார். சைக்கிளைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே, கிளம்பினார். கத்தியைச் சுற்றலாம் என்று கை தானாகத் தோள்துண்டுக்குப் போயிற்று. பாதியில் நிறுத்தினார். சுற்றவில்லை. ஹாண்டில்பாரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பழத்தோடு, பட்டப்பகலில், ஹைவேயில் மிதித்துப் போனார்.

தடுப்பருகே எஸ்.ஐ. நின்றிருந்தார். கையில் கத்தியோடு வருகிறவரைப் பார்த்தார். எங்கோ ஒரு துறைமுகத்துக் காக்கிச் சட்டைகள் எத்திராஜின் கையில் கத்தியைப் பார்த்து என்னென்னவோ கேட்டிருக்கின்றன. இவர் தொப்பியைக் கழற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

“இன்னாண்ணே, தாலி கட்டியாச்சா?”