வேலம்மாவுக்கு ஒரு சண்டை

எங்கள் ராயப்பேட்டை சந்தில் அடிபம்ப் போட்ட நாளிலிருந்து வேலம்மாவும் எதிர்வீட்டு முனியம்மாளும் சண்டைதான். இருபத்திரண்டு வருடம். குடம் ஓர் அங்குலம் நகர்ந்தால் போதும், இரண்டு பேர் பரம்பரையும் தெருவுக்கு வந்துவிடும். வேடிக்கை பார்க்கப் போகுமுன் நான் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் கிளம்புவேன். லேசில் முடியாது என்று தெரியும்.

போன ஆடியில் வேலம்மாவுக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் என்றார்கள். தையில், இனி ஊசி போட்டுப் பயனில்லை, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். சேதி சந்து முழுக்கப் பரவ அரைமணி நேரம் ஆனது. எனக்கு அன்று பல்வலி. இல்லாவிட்டால் இன்னும் சீக்கிரம் பரவியிருக்கும்.

அதற்கப்புறம் எல்லோரும் வந்தார்கள். சாத்துக்குடியை வைத்தார்கள், "ஒண்ணுமில்ல, சரியாப்பூடும்" என்றார்கள், அவள் முகத்தைப் பார்க்காமலே போனார்கள். மருமகள் ஷீலா மாமியாரை எதிர்த்துப் பேசுவதையே விட்டுவிட்டாள். வேலம்மா தட்டுத்தடுமாறி வந்து குடத்தை வரிசை நடுவில் செருகினாலும், முனியம்மாள் ஒதுங்கி வழிவிட்டாள்.

ஒருநாள் காலை வேலம்மா என்னைக் கூப்பிட்டாள். "அப்சரு, எனக்கு ஒண்ணு பண்ணுவியா?"

பிரியாணி கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"முனியம்மா பொண்ணு வளைகாப்புல போட்டதெல்லாம் கவரிங்னு நான் சொன்னேன்னு அவளாண்ட போய்ச் சொல்லு."

"ஐயோ, எதுக்கு வேலம்மா?"

"வந்து கத்தட்டும். மூணு மாசமா என்னாண்ட ஒருத்தியும் ஒயுங்கா பேசல. பொணத்தாண்ட நிக்கிற மாரி நின்னுட்டுப் போறீங்க. நீயுந்தான். நான் இன்னும் கீறேன்டி."

இந்த வேலைக்கு என்னை விட்டால் சந்தில் யார்? ஆனால் சொன்னதைச் சொன்னபடி கொண்டுபோய்ச் சேர்க்க எனக்கு வராது. வளையலோடு மாப்பிள்ளை கட்டிய தாலியையும் சேர்த்துவிட்டேன்.

முனியம்மாள் கொண்டையை முடிந்துகொண்டே பாய்ந்து வந்தாள். "எம் பொண்ணப் பத்தி இன்னாடி சொன்ன?"

சத்தம் கேட்டுச் சந்தே வெளியே வந்தது. வேலம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அந்த முகத்தில் அப்படியொரு களையைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! "ஆமாடி, சொன்னேன்! இன்னா பண்ணுவ?" என்றபடி முந்தானையை இழுத்துச் செருகினாள். செருக இடுப்பு இருந்தால்தானே? முந்தானை நழுவி விழுந்தது. கழுத்தெலும்பும் குச்சிக் கைகளும் வெளியே தெரிந்தன.

முனியம்மாளின் வாய் திறந்தபடியே நின்றது. பிறகு, "உக்காருக்கா, நிக்காத" என்றாள்.

"யாருக்குடி அக்கா? திட்டுடி!"

முனியம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனாள். ஒரு குடம் தண்ணீர் அடித்துக் கொண்டுவந்து வேலம்மாவின் காலடியில் வைத்தாள்.

வேலம்மா மிச்சமிருந்த பலத்தையெல்லாம் சேர்த்து அதை உதைத்தாள். குடம் உருண்டது. தண்ணீர் முனியம்மாளின் புடவையை நனைத்துக்கொண்டு சந்தில் ஓடியது. ஒரு வார்த்தை திட்டிவிடேன் என்று நான் முனியம்மாளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் குனிந்து புடவையைப் பிழிந்தாள். குடத்தை எடுத்துக்கொண்டு மறுபடி பம்புக்குப் போனாள்.