விழுந்ததை வெட்டிய மாமா

தனசேகரன் கேமராவோடு வராத கல்யாணம் யங்கூனில், மிங்கலா தாங்ஞுன்ட் வட்டாரத் தமிழர் மத்தியில் கல்யாணமே இல்லை என்பது தனசேகரனின் அபிப்பிராயம். ஊராரும் அதை மறுத்ததில்லை. மறுத்தால் அடுத்த கல்யாண வீடியோவில் அவர்கள் முகம் வராது. மாலை மாற்றுவதை மெதுவாக ஓடவிட்டு, ஓரத்தில் இதயங்களைப் பறக்கவிட்டு, பெண் கண் கலங்கும் இடத்தில் புல்லாங்குழலைச் சேர்த்துப் பார்க்கிறவர்களை அழ வைத்துவிடுவார். அவரிடம் இன்னொரு கெட்டிக்காரத்தனமும் உண்டு. குத்துவிளக்கு அணைந்தது, பெரியப்பா மேடைப் படியில் தடுக்கி விழுந்தது, சாம்பார் வாளி கவிழ்ந்தது எல்லாவற்றையும் தடம் தெரியாமல் வெட்டி எறிந்துவிடுவார். மங்கல வீடியோவில் யாரும் விழக் கூடாது. அது அவருடைய தொழில் தர்மம்.

அந்தத் தர்மம்தான் அக்கா மகள் ரூபாவின் தலையில் கல்லைப் போடப் பார்த்தது.

ரூபா பள்ளியில் கடைசி வருஷம். அப்பா பர்மாக்காரர், கப்பலில் வேலை. அம்மா லதா சந்தைக்குப் பக்கத்தில் தோசைக் கடை வைத்திருக்கிறாள். ரூபா வாலிபால் ஆடுகிறவள் என்று சொன்னால் அவள் உயரத்தைப் பார்த்து யாரும் நம்ப மாட்டார்கள். அணியில் அவள் வேலை பந்தை அடிப்பது அல்ல. எதிர்ப்பக்கம் ஓங்கி அடிக்கிற பந்தைத் தரை தொடவிடாமல் எடுத்துக் கொடுப்பது. அதற்கென்றே வேறு நிறச் சட்டை மாட்டி ஒருத்தியை நிறுத்துவார்கள், லிபெரோ என்று பெயர். பள்ளியில் விளையாட்டு சொல்லிக்கொடுக்கும் டீச்சரை எல்லோரும் சயாமா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தச் சயாமாவின் பழைய மாணவி ஒருத்தி தாய்லாந்தில், சியாங்மாய்க் கல்லூரி ஒன்றில் ஆடுகிறாள். அந்தக் கல்லூரி அணிக்கு ஒரு லிபெரோ வேண்டும். இருப்பது ஒரே இடம். கிடைத்தால் படிப்பு, தங்க அறை, சாப்பாடு எல்லாம் கல்லூரிப் பொறுப்பு. கிடைக்காவிட்டால் பரீட்சை முடிந்த கையோடு ரூபா தோசைக் கல்லுக்கு முன்னால் நிற்க வேண்டியதுதான், பந்து அதோடு சரி. அவள் ஆடுவதைப் பார்க்க வேண்டும், வீடியோ அனுப்புங்கள் என்று அந்தக் கல்லூரிப் பயிற்சியாளர் அம்மாள் கேட்டிருந்தார்.

வீடியோ என்ற சொல் காதில் விழுந்ததும் தனசேகரன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். வேறு யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். இரண்டு மூன்று ஆட்டங்களுக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனார். கரண்டு இருக்கிற நேரமெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வெட்டினார், ஒட்டினார். முடிந்ததை வீட்டில் ஒருவருக்கும் காட்டவில்லை. கல்யாண வீட்டாருக்கே அவர் முன்கூட்டிக் காட்டுவதில்லை. காட்டினால் இன்னும் நாலு அத்தைகளைச் சேர்க்கச் சொல்வார்கள். நேரே சியாங்மாய்க்கு அனுப்பிவிட்டுத்தான் அக்காவிடம் வந்து பெருமையாகச் சொன்னார்.

பதில் ரூபாவின் போனுக்கு வந்தது. கடையில் நின்றபடியே படித்தவள் முகம் சுண்டிப் போய்விட்டது. இந்தப் பெண் அழகாகச் சிரிக்கிறாள், கை தட்டுகிறாள், தண்ணீர் குடிக்கிறாள், ஆனால் எப்போது ஆடுவாள் என்று கேட்டிருந்தார் பயிற்சியாளர் அம்மாள். மாதக் கடைசிக்குள் ஒரு முழு ஆட்டத்தை, எதையும் வெட்டாமல், மைதானத்துக்குப் பின்னால் உயரத்திலிருந்து எடுத்து அனுப்ப வேண்டுமாம். இல்லையென்றால் வேறு பெண்ணைப் பார்த்துக்கொள்வார்களாம்.

அப்போதுதான் ரூபா அந்த வீடியோவைப் பார்த்தாள். இதயங்கள் பறந்தன. புல்லாங்குழல் அழுதது. மெதுவாக, மிக மெதுவாக ரூபா தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள்.

"மாமா, நான் பந்து எடுத்ததெல்லாம் எங்க?"

"எடுக்கறப்ப எல்லாம் நீ விழுந்துக்கிட்டே இருக்கியேம்மா. பாக்க நல்லாவா இருக்கும்? அதான் வெட்டிட்டேன்."

"விழறதுதான் மாமா என் வேலையே."

அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலை. சத்தமில்லாமல் சொல்லிவிட்டு எச்சில் தட்டுகளை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். தனசேகரன் பாதித் தோசையைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தார். வெட்டியதைத் திரும்ப ஒட்டலாம் என்றால், ஊருக்கு வடக்கே இன்சீனில் ஒரு நிச்சயதார்த்தத்துக்காகக் கேமராவில் இருந்ததை எல்லாம் அழித்தாயிற்று. கெட்டிக்காரன் என்று பட்டம் வாங்கிய வாழ்நாளில் முதல் தடவையாகத் தன்னை ஒரு மடையன் என்று நினைத்தார். அப்படி நினைக்க எல்லா நியாயமும் இருந்தது.

மிச்சமிருந்தது ஒரே ஆட்டம். தின்கன்ஜூன் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை இன்சீன் அணியோடு இறுதிப் போட்டி. ரூபா மாமாவைக் கைவிட்டுவிடவில்லை. சனிக்கிழமை காலையில் கடைக்குப் பின்னால் இருந்த சந்தில் பழைய பாயை விரித்துப் போட்டு, நெஞ்சால் வழுக்கி விழுவது, தோளால் உருண்டு எழுவது, பந்துக்கும் தரைக்கும் நடுவில் புறங்கையை நுழைப்பது என்று ஒவ்வொன்றாக அவருக்கு விழுந்து காட்டினாள். விழத் தெரியாதவர்களுக்குத்தான் அடிபடும் என்றாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த லதா திரும்பியே பார்க்கவில்லை. மகள் விழுவதைப் பார்க்கத் தெம்பில்லாமல் அவள் ஒரு ஆட்டத்துக்கும் போனதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடையைச் சாத்திவிட்டுத் தம்பியோடு கிளம்பினாள். நீ மறுபடியும் எதையாவது வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளப் பக்கத்தில் ஆள் வேண்டும் என்று காரணம் சொன்னாள்.

தனசேகரன் பார்வையாளர் படிக்கட்டின் உச்சியில் கேமராவை நிறுத்தினார். முகத்தை நெருங்கிப் போகத் தன் கை சும்மா இருக்காது என்று தெரிந்து, ஜூம் வளையத்தின் மேல் கறுப்பு டேப்பைச் சுற்றி ஒட்டினார்.

ஆட்டம் நன்றாகத் தொடங்கவில்லை. இன்சீன் அணியில் ஒரு நெட்டைப் பெண் இருந்தாள். அவள் இறக்கிய முதல் பந்து ரூபாவின் கையில் பட்டுத் தெறித்துச் சுவருக்குப் போனது. அடுத்ததும் அப்படியே. இதை மட்டும் வெட்டிவிடலாம் என்று தனசேகரனின் விரல் துடித்தது. முதல் செட் போயிற்று. இரண்டாவது செட்டில் ரூபா ஒரு அடி பின்னால் தள்ளி நின்றுகொண்டாள். இப்போது நெட்டைப் பெண் அடித்ததெல்லாம் எழும்பி வந்தது. அந்த செட் இவர்களுக்கு.

மூன்றாவதும் கடைசியுமான செட்டின் நடுவில் விளக்குகள் அணைந்தன. "மீ போயிருச்சு," என்றாள் லதா, யங்கூனில் கரண்டு போனால் எல்லோரும் சொல்வது போல. ஜன்னல் வெளிச்சம் போதும் என்று நடுவர் கை காட்டினார். கேமராவில் பேட்டரி இருந்தது.

புள்ளிகள் சமமாக ஏறி, கடைசிக்கு வந்துவிட்டன. இன்னும் ஒன்று எடுத்தால் இவர்களுக்குக் கோப்பை. நெட்டைப் பெண் எம்பி அடித்தாள். ரூபா விழுந்து எடுத்தாள். பந்து திரும்பி வந்தது. மறுபடி விழுந்தாள். மூன்றாவது தடவை பந்து சக ஆட்டக்காரியின் தோளில் பட்டுப் பக்கவாட்டில் பறந்தது. எல்லோரும் நின்றுவிட்டார்கள், ரூபா மட்டும் ஓடினாள். ஓட்டம் போதாமல் பாய்ந்து, நெஞ்சால் வழுக்கி, பெஞ்சுக்கு அடியிலேயே போய்விட்டாள். அங்கிருந்து கை மட்டும் வெளியே நீண்டது. அந்தப் புறங்கையில் பட்ட பந்து எழும்பி வலைப் பக்கம் போனது. யாரோ அதை அப்பால் தட்டினார்கள். இன்சீன் பக்கத்துத் தரையில் பந்து விழுந்த சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது.

பெஞ்சுக்கு அடியிலிருந்து ரூபாவைக் காலைப் பிடித்து இழுத்துத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். லதா கண்ணைப் பொத்தியிருந்த கையை எடுத்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள், சந்தோஷத்தில்தான். தனசேகரனுக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. ஏன் என்று அவருக்கே விளங்கவில்லை.

வீடியோவை அவர் ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் கை வைத்துவிடுவோம் என்ற பயம். எடுத்தது எடுத்தபடி அனுப்பினார்.

அந்த வாரமே பயிற்சியாளர் அம்மாள் வீடியோ காலில் வந்தார். அவர் ஆங்கிலத்தில் பேசப் பேச, ரூபா தோசைக் கடை முழுக்கக் கேட்கும்படி தமிழில் சொன்னாள். முதல் வார்த்தையே வா என்பதுதான். சட்டை அளவு அனுப்பு, ஜூன் மாதம் வந்து சேர் என்றார். லதா கையில் இருந்த கரண்டியோடு உட்கார்ந்துவிட்டாள். கல்லில் இருந்த தோசை கருகியதை யாரும் கவனிக்கவில்லை.

பிறகு அந்த அம்மாள் ஒரு சந்தேகம் கேட்டார். ஆட்டம் முழுக்க ஒரு ஆண் குரல் ஒரே வார்த்தையைக் கத்திக்கொண்டே இருக்கிறதே, அது என்ன மொழி, அவர் உங்கள் பயிற்சியாளரா என்று கேட்டுவிட்டு, தன் கம்ப்யூட்டரில் அந்த இடத்தை ஓடவிட்டார்.

"விழு! விழு! விழுடி தங்கம், விழு!"

தனசேகரனின் தொண்டையேதான். சின்னப் பிள்ளையைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்ல நம் வீடுகளில் வாய் கூசும். அதை இந்த மங்கல மனிதர் நாடு விட்டு நாடு கேட்கும்படி கத்தித் தீர்த்திருக்கிறார். லதா எழுந்து வந்து தம்பி முதுகில் ஒன்று வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் அங்கேயே தடவிக் கொடுத்தாள்.

"அது எங்க மாமா," என்றாள் ரூபா போனைப் பார்த்து. தனசேகரனுக்கும் புரியட்டும் என்று அதைத் தமிழிலும் சொன்னாள். "கல்யாண வீடியோ எடுக்கறவரு. எனக்காக இந்த வார்த்தையைப் புதுசாக் கத்துக்கிட்டாரு."

மழைக்காலத்தில் சியாங்மாயிலிருந்து ஒரு வீடியோ வந்தது. யாரோ ஒரு தோழி படிக்கட்டிலிருந்து எடுத்தது. பாட்டு இல்லை, இதயம் இல்லை, படம் கொஞ்சம் ஆடியது. வேறு நிறச் சட்டையில் ரூபா மறுபடி மறுபடி விழுந்து பந்தை எடுத்தாள். அவள் ஒவ்வொரு முறை பாயும்போதும் பெஞ்சில் இருந்த தாய்லாந்துப் பெண்கள் எல்லோரும் எழுந்து நின்று, ழகரம் வராத நாக்கோடு, "விலு! விலு!" என்று கத்தினார்கள்.

தனசேகரன் அதைத் தோசை சாப்பிட வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுகிறார். முழுசாகப் பார்த்து முடிக்காமல் யாரையும் எழுந்திருக்க விடுவதில்லை.