பிழை விட்டால் விடும்

ஊர்காவற்றுறைக் கோயில் மண்டபத்துக்குப் புதிய கணினிகள் வந்திறங்கிய 2003ஆம் ஆண்டில், அங்கே பிள்ளைகளுக்குக் கணினி படிப்பித்த பிரேமினிக்கு ஒரு வேலை கூடிவிட்டது. பழைய கணினியில் பஸ்கால் என்னும் கணினி மொழியில் அவள் எழுதிவைத்திருந்த வாய்பாட்டு விளையாட்டைப் புதியவற்றுக்காகச் சி மொழிக்கு மாற்ற வேண்டும்.

திறப்புவிழாவுக்கு முதல்நாள் வரி வரியாக மாற்றினாள். பஸ்காலில், கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கும் சுழலின் கடைசியில் 'விடை சரியாகும்வரை கேள்' என்றிருந்தது. சி மொழியிலும் கடைசியில் அதே நிபந்தனையை எழுதினாள். இரண்டும் 'வரை'தானே என்று நினைத்துவிட்டாள். சி மொழியின் வரையோ 'விடை சரியாக இருக்கும்வரை கேள்' என்கிற வரை. ஓட்டிப் பார்க்கமுதல் கறண்ட் போய்விட்டது.

விழாவன்று முதல் கதிரையில் அமர்ந்தவர் ஞானசவுந்தரி ரீச்சர். ஊரில் பாதிப்பேருக்குக் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவர். ஏழெட்டு எத்தனை என்று கணினி கேட்டது. ஐம்பத்தாறு என்று அடித்தார். அதையே மறுபடி கேட்டது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இன்னும் அழுத்தி ஐம்பத்தாறு அடித்தார். திரும்பவும் கேட்டது.

பக்கத்துக் கணினியில் கடற்தொழிலாளி யாக்கோப்பு அதே கேள்விக்கு ஐம்பத்துநாலு என்று அடித்தார். திரையில் பூ விரிந்தது, பாட்டும் வந்தது. சனம் கைதட்டியது. ரீச்சர் திரும்பிப் பார்த்த பார்வை யாக்கோப்புக்குப் புதிதல்ல. ஐந்தாம் வகுப்பிலும் அவர் ஐம்பத்துநாலுதான் சொன்னவர்.

பிரேமினிக்கு அப்போதுதான் உறைத்தது. காது சிவக்க ரீச்சரிடம் குனிந்தாள்.

"ரீச்சர், பிழை என்ரைதான். ஒருக்கால் பிழையான விடை ஒண்டு அடியுங்கோ, விட்டிடும்."

"அது என்னாலை ஏலாது பிள்ளை. நீர் மெசினைத் திருத்தும்."

வேண்டுமானால் தான் வந்து அடித்துத் தருவதாக யாக்கோப்பு சொன்னார். ரீச்சர் விசைப்பலகையை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டார். தேநீர் ஆறுகிறதென்று பங்குச் சுவாமி நினைவூட்டியதும் ரீச்சர் காதில் ஏறவில்லை. ஐம்பத்தாறு, ஐம்பத்தாறு என்று அடித்தபடியே இருந்தார்.

பிரேமினி ஒருவாறு அவரிடம் அனுமதி வாங்கி, ஓட்டத்தை நிறுத்தி, நிபந்தனைக்கு முன்னால் 'இல்லை' என்று பொருள்படும் ஒரு குறியைப் போட்டாள். ரீச்சர் மறுபடி அடித்தார். பூ விரிந்தது. அவர் எழும்பாமல், அடுத்த கணக்கைப் போடச் சொன்னார்.

பிரேமினி அடுத்த கணினிப் பக்கம் திரும்பினாள். யாக்கோப்பு கதிரையை இழுத்துத் திரையை மறைத்தார்.

"இதிலை கை வைக்காதையும் பிள்ளை. இது நல்லா வேலை செய்யுது."