அப்பாவுக்குப் படிச்சுக் காட்டாத வரிகள்

1

இந்தக் கதை ஒரு பொய்யில இருந்து வந்தது. பொய் சொன்னவ அவ. (அவன்னா நான்தான். 'நான்'னு எழுதி எழுதி அடிச்சுட்டேன். கொஞ்ச நேரம் 'அவ'ன்னே இருக்கட்டும்.)

முதல் ஆரம்பம்: அவளோட அம்மா உலகமே திரும்பிப் பாக்கிற மாதிரி பியானோ —

வேண்டாம். கச்சேரியில பாதிப் பேர் நடுவுலயே எழுந்து போயிடுறாங்களாம்.

ரெண்டாவது: அம்மா வாசிக்கிறது புது மாதிரி சங்கீதம். பியானோ கம்பிகளுக்கு நடுவுல திருகாணி, அழிரப்பர் எல்லாம் சொருகி வாசிப்பாங்க.* அதை வெளிநாட்டுல நாலு பேர் கேக்கணும்னுதான் ஊர் ஊரா அலையுறாங்க. வாரம் ஒரு கடிதாசி வரும். அவங்க போனப்புறம் அப்பாவுக்குக் கண்ணுல அடிபட்டு ஆபரேஷன். ரெண்டு கண்ணுலயும் கட்டு. "பாதியில விட்டுட்டு வராதே"ன்னு அப்பாதான் பிடிவாதமா எழுத வெச்சார். படிச்சுக் காட்டுறது, பதில் எழுதுறது, ரெண்டும் அவ வேலை.

(* ரப்பர் என் ஸ்கூல் பெட்டியில இருந்து போனது. யாரும் கேக்கல.)

2

மூணாவது கடிதாசியில அந்தப் பொண்ணு வந்தா. மேடையில அம்மா பாத்து வாசிக்கிற இசைப் புஸ்தகத்தப் பக்கம் பக்கமாப் புரட்டுறவ. 'நம்ம பொண்ணு வயசுதான். பதினோரு நொடி நான் ஒண்ணுமே வாசிக்காம இருக்கிற இடத்துலகூட அசையாம நிக்கிறா. இப்படி ஒருத்தி எனக்குக் கிடைச்சதே இல்ல.'

கிடைச்சதே இல்லையாம்! ஆறு வருஷமா வீட்டுல புரட்டினது யாரு, பக்கத்து வீட்டுப் பூனையா?

அந்த வரிய முழுங்கிட்டா.

"என்னம்மா, நிறுத்திட்ட?"

"கோழி கிண்டின மாதிரி இருக்குப்பா கையெழுத்து."

"உங்கம்மா எழுத்தா? அச்சு மாதிரி இருக்குமே!"

"ரயில்ல எழுதியிருப்பாங்க."

(இந்த இடத்துல அவ மேல உங்களுக்குப் பாவமா இருக்கணும். எனக்கு இல்ல.)

3

அஞ்சாவதுல கேள்வி வந்தது. 'அந்தப் பொண்ணுக்கு யாருமில்ல. நம்ம வீட்டுல இருந்து படிக்கட்டுமா? நீங்க சரின்னாதான்.'

அதையும் படிக்கல. பதில்ல, அப்பா சொன்ன 'உடம்பப் பாத்துக்கோ'வுக்குக் கீழ, அவளே ஒரு வரி சேத்தா: 'அந்தப் பொண்ணு இங்க வேண்டாம்.'

இன்னிக்கு எட்டாவது. 'நீங்க சொன்னத அவகிட்ட சொல்லிட்டேன். தலைய மட்டும் ஆட்டினா. அன்னிக்குக் கச்சேரியில ஒரு பக்கம்கூடத் தப்பாப் புரட்டல. இருபதாம் தேதி நான் மட்டும் கிளம்புறேன்.'

அப்பகூட அந்தப் பொண்ணத்தான் புகழுறாங்க.

4

நாளைக்குப் பதினெட்டாம் தேதி. காலையில கட்டுப் பிரிக்கிறாங்க. "முதல் வேலையா உங்கம்மா கடிதாசி எல்லாத்தையும் என் கண்ணால படிக்கணும்"னு குழந்தை மாதிரி சொல்லிட்டே இருக்கார் அப்பா.

முடிவு ஒண்ணு: எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுட்டு, எலி கடிச்சிடுச்சுன்னு —

எங்க வீட்டுல எலி கிடையாது.

முடிவு ரெண்டு: அவ அப்பாவ எழுப்பி, ஓன்னு அழுது —

அழுதா நடிப்பு. எனக்கு இன்னும் வயிறு எரியுது.

மூணு: இந்த நோட்டக் கடிதாசிக் கட்டு மேல வெச்சுட்டுப் போய்ப் படுத்துக்கறது.

வெச்சாச்சு. அப்போ இதப் படிக்கிறது நீங்கதான்ப்பா. எழுதினது நான்.

பக்கத்துலயே தந்தி ஃபாரம் இருக்கு. அம்மா விலாசம் எழுதிட்டேன். 'அந்தப் பொண்ணையும் கூட்டிட்டு வா'ங்கிறது மட்டும் என் கையால வராது. நீங்களே எழுதிக்கோங்க.

எழுதாம விட்டாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.