ஓரத்தில் நின்றவர்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுங்களா, கடற்காற்று பாதிப் பேச்சைக் கொண்டுபோய்விடும். நெம்மேலி எல்லம்மாளின் கதையை ஒன்றும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

எல்லம்மாள் தனிக்கட்டை. புருஷன் ஏசுபாதம் செத்தபிறகு மழைவெள்ளம் வீட்டில் புகுந்து, அவருடைய போட்டோவையெல்லாம் கூழாக்கிவிட்டது. அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டு வந்தது. அதுதான் அவளுக்குப் பயம்.

வாலிபத்தில் ஏசுபாதம் ஒரு சினிமாவில் நின்றிருக்கிறார். மாமல்லபுரம் கடற்கரையில் கதாநாயகன் பேசும்போது, ஓரமாகத் தள்ளி நின்று குதிரையைப் பிடித்துக்கொண்டிருக்கிற ஆள். செங்கல்பட்டு தியேட்டரில், அகலத் திரையில், இருவரும் சேர்ந்து பார்த்தார்கள்.

அந்தப் படம் ஞாயிறு மதியம் டிவியில் வருகிறது என்றதும், பக்கத்து வீட்டுச் சந்திரம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். காட்சி வந்தது. கதாநாயகன் பேசினான். ஓரத்தில் குதிரையின் மூக்கு மட்டும் தெரிந்தது.

"இன்னாடி, உன் வூட்டுக்காரரு எங்க? குதிரதான் கீது!"

"இருந்தாருடி. நான் பாத்தேன்."

"தேட்டரு இருட்டுல யாரப் பாத்தியோ!"

சந்திரம்மா சிரித்துக்கொண்டே போய்விட்டாள். எல்லம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. அவர் நின்றதே பொய்யோ?

மறுநாள் கேபிள்காரர் மோகனை வழிமறித்தாள்.

"என் வூட்டுக்காரர ஏன்டா வெட்டுன?"

"நானா? ஆயா, சினிமா அகலம். உன்னுது பழைய டிவி, சதுரம். டிவி நெறைய படம் தெரியணும்னா ரெண்டு ஓரமும் போயிடும். பேசுறவங்கதான் நிப்பாங்க."

"அவரு பேசலியே."

மோகன் வீட்டுக்கு வந்து செட்டாப் பாக்ஸில் எதையோ மாற்றினார். மேலும் கீழும் கருப்புப் பட்டை விழுந்தது. நடுவே படம் ஒடுங்கி, முழுசாக நின்றது.

"ஆளு சின்னதாதான் தெரியும்."

"தெரிஞ்சா போதும்பா."

சில வாரம் கழித்து அதே படத்தை மறுபடி போட்டார்கள். இந்தமுறை அவள் யாரையும் கூப்பிடவில்லை. திரையோடு ஒட்டி உட்கார்ந்தாள். வந்தார். அரிசியளவு முகம், கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. ஆனால் ஒரு காலில் பாரம் போட்டு, தோளைச் சாய்த்து நிற்பது வேறு யார்? "என்னாங்க" என்று வாயெடுப்பதற்குள் காட்சி மாறிவிட்டது.

முகம் கிடைக்கவில்லை. நின்றது நிஜம்.

பிறகு ஒருநாள் சந்திரம்மா வந்தாள். "இன்னாடி, பாதி டிவி இருட்டா கீது? மாத்தச் சொல்லு."

"இருக்கட்டும். ஓரத்துல யார்னா நின்னுகினு இருப்பாங்க."

போய் வாருங்கள் கண்ணுங்களா. உங்கள் வீட்டில் சோறு போடும்போது, ஓரத்தில் நிற்கிறவருக்கும் சேர்த்து, ஒரு தட்டும் குறையாமல் இருக்கட்டும்.